மடை மாற்றும் நேரம்

பச்சையப்பன் செத்து மூன்று மாதம் கழித்து அவன் கழனிக் கிணற்று மோட்டார் தானாக நிற்கவும் தானாக ஓடவும் ஆரம்பித்தது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று வயிற்று வலிக்காரன் மாதிரி ஒரு முனகல் முனகும். நின்றுவிடும். தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்து, சொட்டி, அடங்கும். மோட்டார் இருக்கிற கொட்டாய்ப் பக்கம் ஒருத்தரும் போயிருக்கமாட்டார்கள். ஒரு ஆள் வெற்றிலை மடித்துப் போட்டு மென்று துப்புகிற நேரம் ஆனதும் உள்ளே 'டக்'கென்று கேட்கும், மறுபடி ஓடும். அந்த வருஷம் வைகாசி முழுக்கப் பென்னலூரில் இதுதான் பேச்சு.

எங்கள் கழனிக்கும் அவர்கள் கழனிக்கும் நடுவில் ஒரே ஒரு வரப்பு. ஊரில் மற்றவர்கள் காதால் கேட்டுக் கதை கட்டினார்கள், நான் கண்ணால் பார்த்தேன். 'ரத்னாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்' என்று என் வீட்டுக்காரர் போகிற இடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். வாய் இல்லாதவர்கள் எல்லாம் சேர்ந்து அந்தக் குடும்பத்துக்கு என்ன நல்லது செய்துவிட்டார்கள்?

பச்சையப்பன் மாசி மாதம் ஸ்ரீபெரும்புதூருக்கு யூரியா வாங்கச் சைக்கிளில் போனவன். பெங்களூர் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. கேரியரில் கட்டியிருந்த மூட்டை கட்டியபடியே வீடு வந்து சேர்ந்தது, அவன்தான் அப்படி வரவில்லை. பெண்டாட்டி கன்னியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் அவளும், மாமியார் சுந்தராம்பாளும், கொழுந்தன் பலராமனும், அவன் பெண்டாட்டி லீலாவும்தான். பலராமன் ரோட்டோரம் புதிதாக வந்த கம்பெனியில் எலக்ட்ரீசியனுக்கு எடுபிடி. ஷிப்டு முடிந்தால் ஓ.டி., ஓ.டி. முடிந்தால் தூக்கம். கழனியெல்லாம் அண்ணன் கையில் இருந்தது, அண்ணன் போனதும் அண்ணி கைக்கு வந்தது.

அது சொர்ணவாரிப் பட்டம், கோடை நெல். ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது, கிணறுதான் கதி. பயிர் பொதி கட்டி நின்றது. இன்றைக்கோ நாளைக்கோ கதிர் வெளியே வரவேண்டும். அந்தச் சமயத்தில் தண்ணீர் காட்டாவிட்டால் வைக்கோல்தான் மிஞ்சும். கரண்டையோ முறை வைத்து விட்டார்கள். காலையில் பெரும்பாலும் இருக்காது. மத்தியானம் என்பார்கள், சாயங்காலம் வரும். வருகிற நேரம் பார்த்து ஓடிப்போய்ப் பட்டன் அழுத்த யாரால் முடியும்? அதனால் எங்கள் பக்கம் எல்லார் கொட்டாயிலும் ஒரு வழக்கம். ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கிற பச்சைப் பட்டனை அழுத்தி, அது திரும்பி எழாதபடி இடுக்கில் ஒரு குச்சியைச் செருகிவிடுவோம். கரண்ட் வந்தால் மோட்டார் தானே எடுத்துக்கொள்ளும். பச்சையப்பன் செருகியது புளியங்குச்சி. அரிவாளால் சீவி வழவழவென்று செய்து வைத்திருந்தான். அவன் போன பிறகும் அது அப்படியே இருந்தது.

ஒரு நாள் பலராமன் ஷிப்டு முடிந்த கையோடு கிணற்றில் இறங்கினான். கன்னியம்மா மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நானும் ஒரு கை கொடுத்தேன்.

"அண்ணி, புட் வால்வுல பாசி அடச்சிகினு கீது," என்று கிணற்றுக்குள்ளிருந்து சத்தம் போட்டான். "தண்ணி இயுக்க முடியாம சூடாவுது. அதான் நின்னுபுடுது."

"சூடாயி நிக்குது, சரி. அப்பால யாரு ஓட வெக்கிறாங்க?" என்றேன் நான்.

"நீ வேற ரத்னாக்கா! நீயே பேயி கெளப்பி வுடுவ போல கீதே."

மேலே வந்து பெட்டியையும் திறந்து, உள்ளே இருந்த செம்புத் துண்டுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் போனான். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது. அடுத்து லைன்மேன் நாகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தான். நாகப்பன் கம்பத்தைப் பார்த்தார், ஃப்யூசைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"மூணு லைன் வர்து பாரு, அதுல ஒண்ணு ஒயுங்கா சேர்ல. மோட்டார் ரெண்டு கால்ல நொண்டிகினு ஓடுது. சூடாவுது, கட்டாவுது. ஆறுனதும் சேந்துக்குது. பட்டன்ல குச்சி கீது இல்ல, தானா எடுத்துக்குது."

"தானா எடுக்கிறது புரியுதுண்ணா. லைன் ஏன் சேர மாட்டேங்குது?"

"அதான் தெரில. துரு மாரி செவப்பா இன்னாமோ கீது. நல்லா தேய்."

பலராமன் மறுபடி தேய்த்தான். மறுபடி இரண்டு நாள். மறுபடி நின்றது. கம்பெனியில் இருக்கிற மிஷினெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது, இந்தச் சனியன் கேட்கமாட்டேன் என்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டான். இப்படியே போனால் மோட்டாருக்குள் இருக்கிற காயில் கம்பி எரிந்துபோகும், எரிந்தால் புதிதாகக் கட்டிக் கொண்டுவருவதற்குள் பயிர் காய்ந்துவிடும் என்று பயந்தான்.

ஊருக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. ஊர் வேறு ஒன்றைக் கண்டுபிடித்தது. பச்சையப்பன் தண்ணீர் இறைக்கிற விதமே தனி. மற்றவர்கள் மோட்டாரை ஓடவிட்டபடியே மடை மாற்றுவார்கள். அவன் அப்படிச் செய்யமாட்டான். கழனியில் ஒரு துண்டு நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துவான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய் அந்த மடையை அடைப்பான், அடுத்த மடையைத் திறப்பான், திரும்பி வந்து ஓடவிடுவான். ஒரு சொட்டு வழிந்து போகக்கூடாது அவனுக்கு. 'கல்யாணத்துல பன்னீர் தெளிக்கிறா மாரி தண்ணி வுடறான் பாரு' என்று நாங்கள் கிண்டல் செய்வோம். இப்போது மோட்டார் நிற்பதும் ஓடுவதும் அச்சு அசல் அவன் மடை மாற்றுகிற நேரம்தான். யாரோ முதலில் சொன்னார்கள், எல்லாரும் ஆமாம் என்றார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் ஒருதரம் முதுகு சிலிர்த்தது.

கன்னியம்மா மட்டும் பயப்படவில்லை.

ஒரு நாள் அவள் கழனியில் களை பறித்துக்கொண்டிருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கரையேறி, வேப்பமர நிழலில் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடுமாக உட்கார்ந்தோம். கணவன் போன பிறகு கன்னியம்மா ஒழுங்காகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு இரண்டாவது முறை கூழ் வாங்கினாள். அவள் பக்கம் திரும்பினாலே தாழம்பூ வாசனை அடித்தது. ஏரிக்கரைத் தாழம்புதர்ப் பக்கம் விறகுக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மோட்டார் முனகியது. நின்றது.

கன்னியம்மா கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நிரம்பிய துண்டின் மடையை அடைத்தாள். அடுத்ததைத் திறந்தாள். அவள் நிமிரவும் கொட்டாயில் 'டக்'கென்று கேட்கவும் சரியாக இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது. முகத்தில் சேறோடு சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"பாத்தியா ரத்னாக்கா? நான் மாத்துற வரிக்கும் நிறுத்திகினு நிக்கிறாரு."

"இன்னாடி ஒளற்ற?"

"மெய்யாலுமேக்கா. நேத்து மூலத் துண்டுல மடை ஒடச்சிகிச்சி. அடைக்க நேரமாயிடுச்சி. அதுவரிக்கும் வுடலியே! நான் அடைச்சப்பறம்தான் வுட்டாரு."

"கன்னிமா, நாகப்பன் சொன்னத கேட்ட இல்ல? சூடானா நிக்குமாம்."

"நாகப்பண்ணனுக்கு இன்னா தெரியும்? அவரு இவரோட குடித்தனம் பண்ணாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. இரண்டையும் கூழோடு சேர்த்து முழுங்கினேன். நான்கு வார்த்தை கடிந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் மனசு வராது.

சுந்தராம்பாளுக்கும் சேதி போய்விட்டது. மருமகள் கொட்டாயில் கூழ் வைத்துவிட்டு வருகிறாள், தனியே பேசுகிறாள் என்றெல்லாம் யாரோ ஓதிவிட்டார்கள். கிழவி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நான் கெட்டவ இல்லடி ரத்னா."

"யாரு பெரிம்மா உன்ன கெட்டவன்னாங்க?"

"அவன் ஆச அடங்காம அலையறான். இப்டியே வுட்டா அவள கூப்புட்டுகினு பூடுவான். கெணறு கிட்டவே கீது. ஒரு நாளு இவ எறங்கிட்டான்னா நான் இன்னா பண்ணுவேன்? பெத்தவங்க குட்த்த பொண்ண பொணமாவா திருப்பிக் குடுக்கறது?"

"அதுக்கு?"

"வாலாஜாபாத்ல அவ அண்ணன் சுப்பிரமணிக்கு ஆள் வுட்டுட்டேன். ஞாயித்துக்கெயம வந்து கூட்டிகினு போவட்டும். இந்தக் கொட்டாய பாக்காம இருந்தா சரியாயிடுவா."

"அவ போவ மாட்டா பெரிம்மா."

"தெரியும்டி. கால்ல வுயுந்து அயுதா. 'அத்த, மாடு மாரி ஒயைக்கறேன், இங்கியே இருக்கறேன்'னு. என் வயிறு எரியுது. ஆனா அனுப்பிதான் ஆவணும்."

பலராமனுக்கு அண்ணி என்றால் உயிர். பழுது என்னவென்று காட்டிவிட்டால் பேய்ப் பேச்சு நின்றுவிடும், அண்ணி போக வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.யை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாகப்பனையும் இழுத்துக்கொண்டு காலையிலேயே கொட்டாய்க்கு வந்தான். அதிசயமாக அன்று காலையிலேயே கரண்ட் இருந்தது. மோட்டார் இரண்டு தரம் நின்று இரண்டு தரம் ஓடியது. கன்னியம்மா தூரத்துத் துண்டில் மடை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் எங்கள் பயிருக்குக் கொஞ்சம் தண்ணீர் கேட்கலாம் என்று போனவள், அங்கேயே நின்றுவிட்டேன்.

பலராமன் ஃப்யூசைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தான். அதன் மூடிக்குத் திருகாணி எல்லாம் எப்போதோ போய், சைக்கிள் டியூபால் கட்டியிருக்கும். உள்ளே இருந்த ஒரு செம்புத் துண்டை இந்த முறை கழற்றியே எடுத்துவிட்டான். தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த நாகப்பனிடம் நீட்டினான்.

"நீயே பாருண்ணா. முந்தாநேத்துதான் தேச்சேன். அதுக்குள்ள துரு."

நாகப்பன் கட்டைவிரலால் தேய்த்தார். ஓரத்தில் சிவப்பு, நடுவில் கரி. விரலை மூக்கருகே கொண்டுபோனார். புருவம் ஏறியது.

"செம்பு எங்கப்பா செவப்பா துரு புடிக்கும்? நானும் ஒரு மடையன், அன்னிக்கே யோசிக்கல. துரு மணக்குமா? இந்தா, மோந்து பாரு."

பலராமன் முகர்ந்தான். எனக்கு முகரவே தேவைப்படவில்லை, நின்ற இடத்திலேயே தெரிந்துவிட்டது. தாழம்பூ குங்குமம். எண்ணெய் விட்டுக் குழைத்து வைத்தது. கருவாடும் கூழுமாக உட்கார்ந்திருந்த அன்றைக்கு அவள் மேல் அடித்த அதே வாசனை.

ஆடிப்போய்விட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைப்பது கன்னியம்மா வழக்கம். கருமாதி அன்று அவள் நெற்றியை அழித்த பிறகு, 'இனிமே லீலா கையால வெக்கட்டும்' என்று சுந்தராம்பாள் சொல்லிவிட்டாள். ஊரில் எல்லாரும் சொல்கிறதுதான். பெட்டிக்கு வெளியே லீலா வைத்த பொட்டு இருந்தது. உள்ளே இவள் வைத்திருக்கிறாள், யார் கண்ணிலும் படாமல், கரண்ட் ஓடுகிற செம்பின் மேலேயே.

"இன்னாடா, இன்னா கண்டுபுட்ச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே சுந்தராம்பாள் வரப்பில் வந்துகொண்டிருந்தாள்.

பலராமன் செம்புத் துண்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் தாலியறுத்தவள் குங்குமம் எடுத்தாள், மோட்டாரைக் கெடுத்தாள் என்று ஊர் அவளைக் கிழித்துவிடும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"பல்லிம்மா," என்றான்.

"பல்லியா?"

"உள்ள பூந்து செத்துப் போய் கெடந்துச்சி. அதான் நின்னு நின்னு போச்சி."

"தோ, இப்பதான் வாய்க்கால்ல கடாசினேன்," என்று நாகப்பன் கூசாமல் சொன்னார்.

சுந்தராம்பாள் அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தலைமேல் தூக்கிக் கும்பிட்டாள். "எம் புள்ள அலையல! அவன் நல்லா போய் சேந்துட்டான்டா. யப்பா, என் வயித்துல பால வாத்தீங்க." அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள். "கன்னிமா எங்கியும் போவ வேணாம். சுப்பிரமணி வந்தா சோத்த போட்டு அனுப்பிடலாம். நான் போயி உலை வெக்கறேன்." விடுவிடுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.

நாகப்பனும் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினார். அப்போதுதான் கன்னியம்மா மண்வெட்டியோடு வந்தாள்.

"இன்னிக்கு இன்னாக்கா இவ்ளோ நேரமா நிக்குது? நான் மாத்தி எவ்ளோ நேரமாச்சி," என்றவள் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். பலராமன் கையை விரித்தான். செம்புத் துண்டு இருந்தது.

"அண்ணி, நீங்கதான?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வெளிய வெச்சா அத்த பாத்துடும்," என்றாள். "தெனம் அவரு கை பட்ட பெட்டிப்பா. எனுக்குத்தான் வெச்சிக்கக் கூடாது. அதுக்குமா கூடாது?"

"ஐயோ அண்ணி, கரண்ட் கீற எடத்துல வெரல வெச்சிகீறீங்களே! இன்னிக்கு மாரி காலைலயே கரண்ட் வந்திருந்தா? தோ, இந்த எடத்துலயே கருகிப் போயிருப்பீங்க!" பலராமன் கோபத்தில் இரைந்தான்.

"போனா போயிட்டுப் போறேன்."

"அடியே, வாயக் கயுவு!" என்று நான் கத்தினேன். "அந்தக் கெயவி ஒரு புள்ளய பறிகுட்த்துட்டு கீறா. நீயும் போயி சேந்தா அவ தாங்குவாளா?"

கன்னியம்மா காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பலராமனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அப்ப நின்னது?"

"குங்குமம் அண்ணி. எண்ணெயும் குங்குமமும் தீஞ்சி கரியா புடிச்சிகிச்சி. லைன் சேர்ல. அதான் நின்னுச்சி."

"அப்பால ஓடுனது?"

"அண்ணன் வெச்ச குச்சி." அவன் பட்டன் இடுக்கிலிருந்து அந்தப் புளியங்குச்சியைப் பிடுங்கினான். "இது இருந்துச்சா, தானா எடுத்துகிச்சி. இனிமே இதுவும் வேணாம். யாராவது கைய வெக்கிற நேரமா பாத்து எடுத்துச்சின்னா வம்பு. நானோ லீலாவோ வந்து பட்டன அயுத்திக்கறோம்."

"அப்ப அவரு வர்லியா?"

பலராமன் என்னைப் பார்த்தான். நான் எங்கே பார்ப்பேன்?

"ஓட வெச்சது அவரு," என்றாள் கன்னியம்மா மெதுவாக. "நிறுத்துனது நானு."

கையை நீட்டினாள். பலராமன் குச்சியைக் கொடுத்தான். முந்தானை முடிச்சை அவிழ்த்து அதிலிருந்த சின்ன மரக் குங்குமச் செப்பை எடுத்து அவன் கையில் வைத்தாள். குச்சியை அந்த இடத்தில் வைத்து முடிந்துகொண்டாள். "லீலாகிட்ட குடு. வெளியவே வெக்கச் சொல்லு," என்றாள். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

பலராமன் செம்புத் துண்டைப் பளிச்சென்று தேய்த்து மாட்டி, ஃப்யூசைச் செருகினான். பட்டனை அழுத்தினான். மோட்டார் முக்கல் முனகல் இல்லாமல் எடுத்தது. அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை.

மத்தியான பஸ்ஸில் சுப்பிரமணி வந்தான். சுந்தராம்பாள் இலை போட்டு, முருங்கைக்காய் சாம்பாரும் அப்பளமுமாகப் பரிமாறினாள். "ஒண்ணுமில்லபா, பல்லி பண்ண வேல. ஒன்ன வீணா அலைய வெச்சிட்டேன்," என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கை கழுவி எழுந்தபோது கன்னியம்மா துணி மூட்டையோடு வெளியே வந்தாள்.

"போலாம்ணா."

"எங்கடி போற?" சுந்தராம்பாள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அதான் எல்லாம் சரியாயிடுச்சே! யாருடி ஒன்ன போவச் சொன்னது? லீலா எதுனா சொன்னாளா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல அத்த."

"அப்பறம் இன்னா? இந்த வூடு ஒன் வூடு கன்னிமா. கெயம்பாத. நான் சொன்னத மனசுல வெச்சிக்காத."

கன்னியம்மா குனிந்து மாமியார் காலைத் தொட்டாள். "அவரு கீறாருன்னுதான் அத்த இங்க இருந்தேன்," என்றாள்.

சுந்தராம்பாளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பலராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணியை இருக்க வைக்கத்தான் அவன் அந்தப் பெட்டியைத் திறந்தான். பாவம், நல்லதுதான் நினைத்தான்.

நான் வரப்பு வரைக்கும் கூடப் போனேன். அதற்கு மேல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சுப்பிரமணி மூட்டையோடு முன்னால் நடக்க அவள் பின்னால் போனாள். ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் ஒரு தரம் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை, சும்மா நின்றாள். எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். நில், ஒரே ஒரு தரம் நின்று தொலையேன் என்று வாய்விட்டே சொன்னேன். அந்தப் பாழாய்ப்போன மோட்டார் நிற்கவேயில்லை.

பஸ் வந்தது, அவள் ஏறிப் போனாள். மூலைத் துண்டில் தண்ணீர் நிரம்பி வரப்பின் மேல் வழிந்துகொண்டிருந்தது. மாற்ற ஆளில்லை. வேப்பமரத்தடியில் அவள் வைத்துவிட்டுப் போயிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நான்தான் மடை மாற்றப் போனேன்.